அந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் தீவில் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மீனவர் மகள், மீனவர் மனைவி. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். அந்தப் பழக்கம் விடாமல் இன்றைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பதினெட்டுப் பேர் வருகிறார்கள். அதில் ஏழு பிள்ளைகளின் அப்பா இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர், அல்லது இப்போது அங்கே இருப்பவர்.

எல்லை தாண்டியதாக இலங்கை நேவியிடம் ஆட்கள் பிடிபட்டால் எங்கள் ஊரிலிருந்து மனு போகாத இடம் இல்லை. மீன்வளத்துறைக்குப் போகும், கலெக்டருக்குப் போகும், சென்னைக்கும் டெல்லிக்கும் போகும். படகை மீட்டுத் தாருங்கள், ஆட்களை மீட்டுத் தாருங்கள் என்று சங்கத்துக்காரர்கள் உண்ணாவிரதம் இருப்பார்கள், கடலுக்குப் போகாமல் வேலைநிறுத்தம் செய்வார்கள். உங்கள் ஆணையத்துக்கு எழுதலாம் என்று மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே இத்தனை நாள் தோன்றவில்லை. தோன்ற வைத்தது எதிர்வீட்டுப் பையன். நாலாவது படிக்கிறான்.

எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். அந்தக் காலைநேரம்தான் பிள்ளைகளுக்குக் கண்டம். படகுச் சத்தத்தை வைத்தே எந்தப் படகு வந்துவிட்டது, எது வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, அந்தப் பையன் பல் விளக்கிக்கொண்டே வந்து என் போனைக் கேட்டான். அவன் அம்மா அதற்குள் கடற்கரைக்கு ஓடியிருந்தார்.

வாட்ஸ்அப்பில் படம் வந்திருந்தது. அக்கரை நேவி, அதாவது இலங்கை நேவி எடுத்த படம். பத்துப் பன்னிரண்டு பேர் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். எல்லாரும் தலையைக் குனிந்திருக்கிறார்கள், ஒரு முகமும் தெரியவில்லை. அவன் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஒவ்வோர் ஆளாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசிக்கு முந்தின ஆளிடம் விரல் நின்றது. “கால்ல கட்டு இருக்குல்ல மிஸ்” என்றான். இரண்டு நாள் முன்னே அவன் அப்பாவுக்குக் கெழுத்தி முள் குத்தியிருக்கிறது. தன் பழைய யூனிபார்ம் சட்டையைக் கிழித்து இவன்தான் கட்டிவிட்டிருக்கிறான். அந்தத் துணியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். அழவில்லை. போனைக் கொடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்து, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். மத்தியானச் சோற்றில் கைவைத்ததும் வாந்தி எடுத்தான் என்று சத்துணவு ஆயா வந்து சொன்னார்.

“உன் அப்பா உயிரோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார்” என்று அவனிடம் வந்து சொல்ல இரண்டு நாட்டிலும் ஆள் இல்லை. அவனாகத் தேடிக்கொண்டான்.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-ல் வந்தது. இலங்கை 1991-லும் இந்தியா 1992-லும் அதில் சேர்ந்தன. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அதன் 9-ஆவது பிரிவை இங்கே எடுத்து வைக்கிறேன். தாயையோ தகப்பனையோ ஓர் அரசு காவலில் வைத்தாலும் சிறையில் அடைத்தாலும், அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் அந்த அரசு சொல்ல வேண்டும். பிள்ளை கேட்டாலும் சொல்ல வேண்டும். பிரிந்திருக்கிற தாய் தகப்பனோடு தொடர்ந்து பேசவும் பார்க்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றும் அதே பிரிவில் இருக்கிறது. நான் இதை ஒரு பயிற்சி வகுப்பில் படித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் நானும் அந்தப் பிள்ளையாக இருந்தவள்.

என் அப்பா பிடிபட்டபோது நான் ஏழாவது. வாட்ஸ்அப் கிடையாது. அம்மாவிடம் பெரியவர்கள் வந்து பேசுவார்கள், நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். “பிள்ளைக்கு ஏன் தெரியணும்” என்பார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் எனக்குள் நானே முடிவு கட்டிவிட்டேன்: அப்பா கடலோடு போய்விட்டார், என்னிடம் மறைக்கிறார்கள். நாற்பத்தொரு நாள் கழித்து ஒரு மத்தியானம் அவர் வாசலில் வந்து நின்றார். தாடியும் கறுத்த முகமுமாக. நான் அலறிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிப் பாத்திரம் அடுக்கியிருந்த மூலையில் ஒளிந்துகொண்டேன். அப்பா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் அந்த நாற்பத்தொரு ராத்திரியும் நான் தூங்கியிருப்பேன்.

இப்போது செய்தி சீக்கிரம் வருகிறது. ஆனால் பெரியவர்களுக்கு வருகிற அதே வடிவத்தில், அதே வேகத்தில், பிள்ளை கண்ணில் விழுகிறது. 2014 அக்டோபர் 30 அன்று எங்கள் தீவைச் சேர்ந்த ஐந்து மீனவர்களுக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2011 நவம்பரில் போதைப்பொருள் வழக்கில் பிடிக்கப்பட்டவர்கள். மூன்று வாரத்தில் பொதுமன்னிப்பு கிடைத்து ஊர் திரும்பினார்கள். நடுவில் இருந்த அந்த மூன்று வாரமும் டிவியில் ‘தூக்கு’ என்ற சொல் ஓடிக்கொண்டே இருந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. 2024 செப்டம்பரில் விடுதலையாகி வந்த சிலர் தலை மொட்டையடிக்கப்பட்டு வந்து இறங்கினார்கள். அந்தப் படத்தையும் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள்.

இனி வாய்தாக் கணக்கு. பிடித்துக் கொண்டுபோனால் ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ கிளிநொச்சியிலோ கோர்ட்டில் நிறுத்துவார்கள். ரிமாண்ட். அப்புறம் வாய்தா, வாய்தாவாக நீட்டிப்பு. ஒருநாள் திண்ணையில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வாய்ப்பாட்டிலேயே தடுமாறுகிற எதிர்வீட்டுப் பையன், பதினாலாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தான். பதினாலு, இருபத்தெட்டு, நாற்பத்திரண்டு, ஐம்பத்தாறு. எங்கேடா படித்தாய் என்று கேட்டேன். “அப்பாவுக்கு பதினாலு பதினாலு நாளாத்தானே போடுறாங்க” என்றான். வீட்டுக் காலண்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

முதல் தடவை பிடிபட்டவர்களைப் பெரும்பாலும் தண்டனையை ஒத்திவைத்து விட்டுவிடுவார்கள். இரண்டாம் தடவை என்றாலோ, படகின் டிரைவர் என்றாலோ ஆறு மாதம், ஒரு வருஷம் என்று உள்ளே போட்டுவிடுகிறார்கள். மேலே லட்சக்கணக்கில் அபராதம், கட்டாவிட்டால் இன்னும் சில மாதம். ஆகவே அப்பா வீடு திரும்பினாலும் பிள்ளைக்குப் பயம் விடுவதில்லை. ‘ரெண்டாந்தரம்’ என்ற சொல்லை ஐந்து வயதுப் பிள்ளை வாயில் நான் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் எங்கள் பிள்ளைகள் நன்றாகத் தூங்குவார்கள். அப்பா கரையில் வலை பார்த்துக்கொண்டு, படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கண்முன்னே இருப்பார். எல்லார் அப்பாவும் இருக்கிற அந்த நாட்களில், அக்கரையில் அப்பா இருக்கிற பிள்ளை என் வீட்டுத் திண்ணைக்கு வராது. கூப்பிட்டு விட்டால் வயிற்றுவலி என்று சொல்லும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் உங்கள் கண்ணில் பட வேண்டியது. படகைப் பிடிக்கும்போது அதிலிருக்கிற போனும் போய்விடும். வீட்டில் ஆதாருக்கு, பேங்குக்கு, பிள்ளையின் உதவித்தொகைக்குக் கொடுத்திருப்பது அப்பாவின் நம்பர். ஓடிபி எல்லாம் அக்கரையில் எங்கோ அணைந்து கிடக்கிற போனுக்குப் போகும். எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் இப்படித்தான் கடைசித் தேதியைத் தாண்டியது. அப்பா வந்துதான் எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்பா வவுனியாவில் இருக்கிறார் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. “அது எந்தத் தாலுகா?” என்று கேட்டார்களாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படி ஒரு பிள்ளை வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதே பிள்ளை ராத்திரியில் அம்மா போனிலிருந்து அப்பா நம்பருக்கு அடித்துப் பார்க்கிறது. ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிற அந்த அறிவிப்பை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைக்கும்.

எல்லை தாண்டினது தப்புதானே என்று கேட்பார்கள். கேட்கட்டும், நான் அதற்கு மழுப்ப மாட்டேன். 1974-லும் 1976-லும் இரண்டு நாடும் கடலில் கோடு போட்டுக்கொண்டன. அதில் எங்களுக்கு எத்தனை மனக்குறை இருந்தாலும் கோடு இருக்கிறது. எங்கள் இழுவலை அக்கரைத் தமிழ் மீனவர்களின் வலையை அறுத்துக்கொண்டு போவதும், கடலடியை வாரிவிடுவதும் உண்மை. இழுவலைத் தொழிலை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலையைப் பறிகொடுத்தவன் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது, அதுவும் பட்டினி கிடந்திருக்கிறது. இதையெல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் நாலாவது படிக்கிறவன் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை. தாய் தகப்பன் செய்த காரியத்துக்காகப் பிள்ளைக்குத் தண்டனை விழக் கூடாது என்று அதே உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவு சொல்கிறது. அப்பா குற்றவாளியா நிரபராதியா என்ற கேள்விக்குப் பதில் எதுவாக இருந்தாலும் பிள்ளையின் உரிமை குறையாது. எங்கள் சங்கத்துப் பெரியவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்பாவி மீனவர்கள் என்று நாங்கள் மேடையில் சொல்வது பிள்ளைக்காகப் பேசுவது ஆகாது.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் கரையில் இன்னொரு வகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடலடியில் கிடக்கிற உயிரினமான கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிக்கக் கூடாது. அதைப் பிடித்து, கடத்தி, கேஸாகி நம் ஊர்ச் சிறையிலேயே இருக்கிற தகப்பன்மார் உண்டு. அவர்களுக்காக யாரும் பந்தல் போடுவதில்லை. அக்கரையில் பிடிபட்டவர் குடும்பத்துக்கு அரசு தினப்படியாவது தருகிறது, இவர்கள் வீட்டுக்கு அதுவும் இல்லை. அக்கரையில் அப்பா இருக்கிற பிள்ளையை டீச்சர் கூப்பிட்டுத் தலையைத் தடவுவார். அட்டைக் கேஸில் அப்பா இருக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார மற்றப் பிள்ளைகளை வீட்டில் விடுவதில்லை. என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையன் அப்படித்தான் ஒன்பதாவதோடு நின்று நாட்டுப்படகில் ஏறிவிட்டான். நான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை போயிருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில், சிறையில் தாயோடு இருக்கிற ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு, என்ன மருத்துவம், என்ன படிப்பு என்று விரிவாகச் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்பு. சிறைக்குள் இருக்கிற பிள்ளையைச் சட்டம் பார்த்துவிட்டது. சிறைக்கு வெளியே, வீட்டில், தகப்பனின் சட்டையைத் தலையணைக்கு உறையாகப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளையை யார் பார்ப்பது? ஜெனீவாவில் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு 2011-ல் ஒரு நாள் முழுக்க இந்தப் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே உட்கார்ந்து பேசியது. நம் மாநிலத்தில் அப்படி ஒரு நாளை நீங்கள் ஒதுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டப்படி, யாரும் மனுக் கொடுக்காவிட்டாலும் தானாக எடுத்து விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. அரசுக்குப் பரிந்துரை செய்யலாம், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

முதலில் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. ஆட்கள் பிடிபட்டதும் ஒரு பட்டியல் தயாராகிறது. பெயர், வயது, அப்பா பெயர், ஊர், படகின் பதிவெண். படகின் நீளம்கூடச் சில பட்டியலில் இருக்கும். அதில் இன்னொரு கட்டம் கூட்டச் சொல்லுங்கள்: பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, எந்தப் பள்ளி. அந்தப் பட்டியல் அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகட்டும். மறுநாளுக்குள் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, அடுத்து எந்தத் தேதியில் கோர்ட் என்று அதற்குப் புரிகிற வார்த்தையில் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். பள்ளித் தலைமையாசிரியருக்கும் ஒரு கடிதம் போகட்டும், அந்த ஓடிபி விவகாரத்துக்கு அது ஒன்றே போதும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. தாய் தகப்பன் சிறையில் இருக்கிற பிள்ளைகளை, அக்கரைச் சிறையானாலும் நம் ஊர்ச் சிறையானாலும், அதில் தயங்காமல் சேர்க்க வழி செய்யுங்கள்.

அடுத்தது குரல். நம் தமிழ்நாட்டுச் சிறைகளில் கைதிகள் வீட்டாரோடு வீடியோ காலில் பேச வசதி வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் 2010-லிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கிருந்து அதிகாரிகள் சிறைக்குப் போய் எங்கள் ஆட்களைப் பார்த்து உடுப்பும் சோப்பும் கொடுக்கிறார்கள், அதற்கு நாங்கள் நன்றி மறக்க மாட்டோம். போகிறபோது ஒரு போனைக் கையில் பிடித்து, பிள்ளை முகத்தைத் தகப்பனுக்கும் தகப்பன் முகத்தைப் பிள்ளைக்கும் ஐந்து நிமிஷம் காட்ட முடியாதா? வாரம் ஒரு தடவை கேட்கவில்லை. வாய்தாவுக்கு ஒரு தடவை போதும். இரண்டு நாட்டுக்கும் மீன்வளத்துக்கென்று 2016-ல் அமைத்த கூட்டுப் பணிக்குழு இருக்கிறது. படகு, வலை, எல்லை என்று பேசுகிற அந்த மேசையில் பிள்ளைகள் பெயரில் ஒரு பொருளை வைக்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும்.

இலங்கையிடம் கேட்க எங்களுக்கு என்ன பலம் என்று யாராவது சொன்னால், அதற்கும் ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. எல்லை தாண்டி வந்ததாகப் பிடிக்கப்பட்டு நம் ஊர்ச் சிறைகளில் வந்து இருக்கிற அக்கரை மீனவர்களும் உண்டு. அவர்களுக்கும் பேசாலையிலோ வல்வெட்டித்துறையிலோ, சிங்களம் பேசும் நீர்கொழும்பிலோ பிள்ளை இருக்கும், காலண்டரில் கட்டம் போட்டுக்கொண்டு. அந்தப் பிள்ளைகளோடு பேச முதலில் நாம் ஏற்பாடு செய்வோம். அது முழுக்க முழுக்க உங்கள் எல்லைக்குள் வருகிற காரியம். ஒரு பரிந்துரை எழுதினால் நடக்கும். அதைச் செய்துவிட்டு அக்கரையைப் பார்த்துக் கேட்கும்போது நம் குரல் வேறு மாதிரி இருக்கும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மாசி, பங்குனியை ஒட்டி ராமேஸ்வரத்திலிருந்து படகில் போவோம். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். அக்கரைச் சனமும் வரும். இரண்டு நாட்டு நேவியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மணலில் பாய் விரித்துப் படுத்திருந்து மறுநாள் பூசை கண்டு திரும்புவோம். 2024-ல் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து எங்கள் பக்கம் அந்தத் திருவிழாவுக்கே போகாமல் இருந்தது. ஒரு புனிதரின் பெயரால் இரண்டு அரசுகள் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு தூரம் இறங்கிவர முடிகிறது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தண்டனை பெற்றவரைப் பார்க்க அவர் பிள்ளையை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக, அதே மாதிரி ஒரு ஏற்பாடு செய்தால் என்ன? எங்கள் வீடுகளில் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் குறைவு. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. வானம் தெளிவாக இருந்தால் ராத்திரி அக்கரை வெளிச்சம் தெரியும் என்று எங்கள் பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கப் போகிற மாதிரி அரிச்சல்முனைக்குப் போக ஆசைப்படுவார்கள்.

பிள்ளையைப் பற்றி முடிவு எடுக்கும்போது பிள்ளையைக் கேட்க வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது, 12-ஆவது பிரிவு. அதனால் கடைசியாக ஒன்று. விசாரணை நடத்த முடிவு செய்தால் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூப்பிடாதீர்கள், ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸுக்கும் வேண்டாம். இங்கே வாருங்கள். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். அன்றைக்கு விசைப்படகு எதுவும் கடலில் இருக்காது, பிள்ளைகள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், மனம்விட்டுப் பேசுவார்கள். எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டேன், ஆணையத்திலிருந்து வந்தால் என்ன சொல்வாய் என்று. ரொம்ப நேரம் யோசித்தான். அப்பா காலில் இருந்த அந்தத் துணிக்கட்டை அவிழ்த்துவிட்டார்களா, புண் ஆறிவிட்டதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னான். அவனுக்கு இன்றுவரை அதற்குப் பதில் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் இருப்போம்.

இப்படிக்கு,
பாம்பன் தீவிலிருந்து ஒரு மீனவர் மகள்